ஆறிலும் தோற்ற அணியை அரையிறுதிக்கு அனுப்பிய கதை

எனக்குக் கோபம் வந்தால் கூடவே நியாயமும் பேச வந்துவிடும். வெறும் கோபமாக இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன், யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நியாயம்தான் என்னைக் கவிழ்த்தது.

கல்லூரி மூன்றாம் வருடத்தில் நான் எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன். (திறமை எல்லாம் ஒன்றுமில்லை. மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி கத்துவேன், அவ்வளவுதான்.) நகரத்துக் கல்லூரிகளுக்குள் ஒரு கோப்பைப் போட்டி நடக்கும். அதன் விதியை எழுதின ஆள் கையில் கிடைத்தால் இன்றைக்கும் சும்மா விடமாட்டேன். ஒவ்வொரு கல்லூரியும் தனக்குப் பிடித்த ஆறு அணிகளோடு ஆடிக்கொள்ளலாம். அதிகம் ஜெயித்த நான்கு கல்லூரிகளைக் கமிட்டி அரையிறுதிக்குக் கூப்பிடும். யாரோடு ஆடினாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பயிற்சியாளர் மேடம் மானஸ்தி. "ஆடினா பெரிய டீமோட ஆடணும்" என்று எங்களைப் போலீஸ் அணியோடும் ஒரு வங்கி அணியோடும் மோதவிட்டார். இரண்டிலும் ஒரே ஒரு கோலில் தோற்றோம். மற்ற நான்கில் ஜெயித்தோம். அடையாறு கல்லூரிக்காரிகளுக்கோ ஆறிலும் வெற்றி. யாரை ஜெயித்தார்கள்? ஒரு சமையல் கலைக் கல்லூரியை! ஒரு நாட்டியப் பள்ளியை! இன்னொரு அணியின் கோல்கீப்பர் ஆட்டத்தின் நடுவே போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். அடையாறைப் போலவே ஆறிலும் ஜெயித்து, கோல் கணக்கில் முந்திய மூன்று கல்லூரிகளை அறிவித்துவிட்டார்கள். நான்காவது அடையாறுக்கு என்று பேச்சு அடிபட்டது, அதற்கடுத்து நாங்கள்.

எனக்காக மட்டும் என்றால் விட்டிருப்பேன். எங்கள் அணியில் ஜெனிபர் இருந்தாள். பட்டினப்பாக்கத்துப் பெண், அம்மாவுக்கு மீன் கடை. மணலில் ஓடி வளர்ந்த கால், அவளிடம் பந்து போனால் திரும்பி வராது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அரையிறுதியைப் பார்க்க மட்டும்தான் வருவார்கள். அவளுக்கு அது கடைசி வருடம்.

கமிட்டிக் கூட்டம் ரங்கநாதன் தெருவில் ஓர் உறுப்பினரின் ஜவுளிக்கடை மாடியில் நடந்தது. ஜெனிபரையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"கேப்டன், உள்ள போய் கத்தாத. சாதுவா பேசு, இன்னா?" என்று மாம்பலம் ஸ்டேஷனிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சாதுவாகப் பேசத்தான் போனேன். ஆனால் கூட்டத்தில் எவனோ மிதித்து என் செருப்பு வார் அறுந்துவிட்டது. கையில் ஒற்றைச் செருப்போடு, மூச்சு வாங்க, நான்கு பெரியவர்கள் முன்னால் போய் நின்றேன். (இதை எழுதும்போதே காது சுடுகிறது.)

"எல்கேஜி பசங்களோட ஓடி முதல்ல வந்தா தங்க மெடலா சார்?" என்று ஆரம்பித்தேன். கை ஆடியது. கையோடு செருப்பும் ஆடியது.

செயலாளர், மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற ஆடிட்டர், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "புரியறதும்மா. ஆனா அவா ஆறுலயும் ஜெயிச்சுண்டு வந்திருக்காளே? அவாளை எப்படி வெளியில நிறுத்தறது? நீ மொதல்ல அந்தச் செருப்பைக் கீழ போடேன்."

"யாரோட ஆடினாங்கன்னு பாருங்க சார்! பலமான டீமை ஜெயிச்சா ரெண்டு புள்ளி குடுங்க. மோதித் தோத்தாலும் ஒரு புள்ளி! நோஞ்சான் டீமை அடிச்சா முட்டை!"

கடைக்காரர் என் செருப்பையே பார்த்தபடி, "பொண்ணு சொல்றது நியாயமாத்தான் இருக்கு" என்றார். மற்ற இருவரும் வேகமாகத் தலையாட்டினார்கள். ஆடிட்டர் கணக்குப் போட்டார். அடையாறுக்கு முட்டை! நான் கை தட்டினேன். செருப்போடு.

"இரும்மா, முடியலை" என்றார் அவர். எங்களுக்கு நாலு புள்ளிதானாம். இரண்டு தோல்விக்கு இரண்டு, போன வருடச் சாம்பியனை ஜெயித்ததற்கு இரண்டு. "மீதி மூணுக்கு முட்டை. அந்தச் சமையல் காலேஜுக்கு நீங்களும்தானே எட்டு கோல் போட்டேள்?"

"அது... பயிற்சி மாதிரி சார்."

சைதாப்பேட்டையில் ஒரு கல்லூரி இருந்தது. சொந்த மைதானம் கிடையாது. போலீஸ் மைதானத்தில் ஓரமாக இடம் கொடுத்ததற்காக, அங்கே வருகிற பெரிய அணிகள் கூப்பிடும்போதெல்லாம் போய் ஆடுவார்கள். ஆடினது ஆறு, தோற்றது ஆறு. என் கணக்குப்படி ஆறு புள்ளி. நான்காவது இடம் அவர்களுக்கு.

"ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையே சார்!"

"நீதானேம்மா சொன்னே, யாரோட ஆடினான்னு பாக்கணும்னு?" என்றார். அத்தோடு காபி வந்துவிட்டது.

கீழே வந்ததும், பாத்திரக்கடை வாசலில், அத்தனை ஜனத்துக்கு நடுவே ஜெனிபர் அழுதாள். "அடையாறு போயிருந்தா போய்த் தொலையட்டும்னு வுட்டிருப்பேன். ஒண்ணுகூட ஜெயிக்காதவ உள்ள போறா, நான் வெளிய நிக்கணுமா? உன் வாய் கீதே வாய்!"

அரையிறுதியில் சைதாப்பேட்டை ஒன்பது கோல் வாங்கியது. அவர்களின் கோல்கீப்பர் இன்னொரு இருபதைத் தடுத்திருப்பாள். மாநில அணிக்கு அவளைத்தான் எடுத்தார்கள். தகுதியான பெண்தான், அதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

இப்போதும் சொல்கிறேன், எதிரணியின் பலத்தைப் பார்த்தே ஆகவேண்டும். நோஞ்சான்களாகத் தேடிப்பிடித்து அடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்துவது அயோக்கியத்தனம். அதற்காக, தோற்றுக்கொண்டே இருந்தால் உள்ளே வரலாம் என்று வைப்பது மடத்தனம். முதலாவது கமிட்டியின் விதி, இரண்டாவது என்னுடையது. மறு வருடம் கமிட்டி என் மடத்தனத்தை எடுத்துவிட்டு தன் அயோக்கியத்தனத்தையே திரும்ப வைத்துக்கொண்டது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

என்னைத் திட்டுவதற்கென்றே ஜெனிபரின் அண்ணன் தேனாம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் திருப்பித் திட்டினேன். அந்தச் சண்டை எங்கெங்கோ போய்க் கல்யாணத்தில் முடிந்தது. வரவேற்பு மேடையில் ஜெனிபர் மைக்கைப் பிடுங்கி, "எங்கண்ணன் ரொம்ப பலமான டீமாண்ட மாட்டிக்கினாரு. கவலப்படாத நைனா, தோத்தாலும் ஒரு புள்ளி!" என்றாள். அன்றிலிருந்து என்னிடம் அவர் தோற்கும்போதெல்லாம் என் மாமியார் சமையலறையிலிருந்து, "போடு, ஒரு புள்ளி!" என்று குரல் கொடுப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என் மகள் திடீரென்று, "அத்தே, அப்ப உனக்கு எத்தனை புள்ளி குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

ஜெனிபர் மீன் துண்டில் முள்ளை எடுத்துவிட்டு, துண்டை அவள் தட்டில் வைத்தாள். "உங்கம்மாவக் கேளு."

நான் அந்தக் கமிட்டியை மறுபடி முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தேன்.