கடைசிக் குகைக்கு மூன்று மணி நேரம்

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அந்தப் பெட்டி முக்கியமா, நான் முக்கியமா?"

"இப்பப் பார்த்து இதைக் கேக்குறியே தெரசா. காலைல ஏழு மணிலேர்ந்து நடந்தது அத்தனையும் போச்சு. மூணு மந்திரக்கல்லு, ரெண்டு கேடயம், எல்லாம் போச்சு."

"வீட்டுல சீனிகூடத்தான் போச்சு. அதுக்கு ஒரு நாளாவது இப்படிக் கத்தியிருக்கீங்களா?"

1987ஆம் ஆண்டு, ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், வியாழக்கிழமை காலை பத்து மணி. கத்தியவர் தொழிற்சாலைக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா, ஆர்தர். பதிலுக்குக் கத்தியவர் அவர் மனைவி தெரசம்மாள். நடுவில் தொலைக்காட்சிப் பெட்டி கறுத்துப்போய் நின்றது. அதன் கீழே ஒரு கணினி.

கணினி ஆர்தருடையது அல்ல. தெரசம்மாளின் தம்பி டொனால்ட் பினாங்கிலிருந்து கொண்டுவந்து, "ஒரு மாசம் இங்க இருக்கட்டும் மச்சான்" என்று வைத்துவிட்டுப் போனது. அந்த ஒரு மாசம் இரண்டு வருஷமாகியிருந்தது. இப்போது டொனால்டுக்குச் சிங்கப்பூரில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பெட்டியை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் போட்டிருந்தான். கடிதம் வந்த மறுநாளே ஆர்தர் மூன்று நாள் வருஷ லீவு எழுதிக் கொடுத்தார். மகள் பெயர் வைப்புக்குக்கூட அரை நாள்தான் லீவு எடுத்த மனிதர்.

காரணம், பெட்டியோடு வந்த விளையாட்டு. தொடராக மூன்று பாகம். முதல் பாகத்தை ஒன்பது மாசத்திலும், இரண்டாவதை ஆறு மாசத்திலும் முடித்திருந்தார். மூன்றாவதில் கடைசிக் குகை மட்டும் பாக்கி.

ஆர்தருக்குத் தெரிந்த பாதைகள் மூன்று. வீட்டிலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து வீடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். பெட்டிக்குள் இருந்த நாட்டில் அப்படி இல்லை. இந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. வடக்கே நடந்தால் பனிமலை. தெற்கே நடந்தால் துறைமுகம், கப்பல். ஊருக்குள் நுழைந்து கொல்லனிடம் கதை கேட்கலாம். வேண்டாமென்றால் காட்டுக்குள் நாலு நாள் சும்மா சுற்றலாம்; காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட ஆள் கிடையாது. இருபத்தாறு வருஷம் ஒரே தராசின் முன்னால் நின்று கொழுந்து நிறுத்தவர் அந்த நாட்டில் போய்க் குடியேறிவிட்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது. தெரசம்மாளுக்கு மட்டும் ஆச்சரியம் இரண்டு வருஷமாகத் தீரவில்லை.

நால்வர் கூட்டாகப் போகும் விளையாட்டு அது. பெயர்களை நாமே வைத்துக்கொள்ளலாம். மந்திரவாதிக்கு ஆர்தர் தன் பெயரை வைத்தார். வில்லாளிக்குத் தொழிற்சாலைப் பழனியப்பன் பெயர். திருடனுக்குத் தோட்டத்துத் துரையின் பெயர். வெளியே தெரிந்திருந்தால் வேலை போயிருக்கும். எல்லாரையும் முன்னால் நின்று காக்கும் வாள்வீரனுக்கு முனியாண்டி என்று வைத்தார். இலை அரைக்கும் பிரிவில் முப்பது வருஷம் தலைமை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்று, மகன் மாணிக்கத்தோடு கோலா தெர்லாவில் கோசுத் தோட்டம் போடப் போன மனிதர். வாள் பிடிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. மனைவியின் பெயரை யாருக்கும் வைக்கவில்லை. அடிபட்டால் வீட்டில் யார் பதில் சொல்வது.

சிக்கல் மின்சாரத்தில் இருந்தது. கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகள் ஓடினால் வீடுகளுக்கு வரும் மின்சாரம் இளைத்துப்போகும். படம் சுருங்கும், கணினி அணைந்து எழுந்திருக்கும். காலையில் முதல் நிறுவைக் கொழுந்து வந்ததும் ஓட ஆரம்பிக்கும் காற்றாடிகள் மறுநாள் விடிந்த பிறகுதான் நிற்கும். ஏழிலிருந்து ஒன்பதரை வரை, இரண்டரை மணி நேரம்தான் சுத்தமான மின்சாரம். கடைசிக் குகைக்கோ மூன்று மணி நேரம் வேண்டும். குகைக்குள் போய்விட்டால் ஆட்டத்தைப் பாதியில் பதிந்துவைக்க வழி இல்லை.

"முடிக்காம பெட்டியக் குடுக்க மாட்டேன்" என்றார் ஆர்தர்.

"முடிச்சா என்ன குடுப்பாங்க?" என்றார் தெரசம்மாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அப்ப சரி. சம்பளம் மாதிரிதான்."

அன்று மத்தியானமே காற்றாடிகளைப் பார்த்துக்கொள்ளும் பழனியப்பனிடம் போனார்.

"நாளைக்கு ஒரு அரை மணி நேரம் லேட்டா போடு பழனி."

"கொழுந்து புழுங்கிப் போயிரும் கிராணியாரே. துரைக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து வாட்டிருவாரு."

"அரை மணி நேரம்தான் லா."

வெள்ளிக்கிழமை பழனியப்பன் கால் மணி நேரம்தான் பொறுத்தான். துரையின் ஜீப் சத்தம் கேட்டதும் பயந்துபோய் ஆறு காற்றாடிகளையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டான். தொழிற்சாலை, ஆபீஸ், மருந்தகம், தொழிலாளர் லயங்கள், கிராணி வீடு எல்லாம் ஒன்றாக இருண்டன. துரை முகச்சவரம் பண்ணிக்கொள்ளும் இயந்திரம் பாதிக் கன்னத்தில் நின்றுபோயிருந்ததாகப் பிறகு தெரிந்தது. ஜீப்பில் வந்தது வேறு யாரோ.

அடுத்து பாட்டரி. கொழுந்து லோரியின் பாட்டரியை அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் கழற்றி வந்தார். பாட்டரியில் பெட்டி ஓடவில்லை. அமிலம் சிந்தி முன் அறையின் ரப்பர் விரிப்பில் கைக்குட்டை அளவுக்கு ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். திருப்பிக் கொண்டுபோய் மாட்டும்போது ஏதோ ஒன்றை எங்கோ மாற்றி மாட்டிவிட்டார். சனிக்கிழமை காலை லோரி கிளம்ப மறுத்தது. பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். ஆர்தர் ஜன்னல் திரையைச் சாத்திவிட்டுக் குகைக்குள் இறங்கினார்.

சனிக்கிழமை. சாயங்காலம் டொனால்ட். இதுதான் கடைசி வாய்ப்பு. ஒன்பதரைக்குள் எப்படி முடியும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் இறங்கிவிட்டார்.

எட்டேகாலுக்கு, மூன்றாம் அடுக்கில், இறக்கை முளைத்த நாகம் ஒன்று நெருப்பைக் கக்கியது. மூன்று பேர் தப்பினார்கள்.

"ஐயோ, முனியாண்டி போயிட்டாரே" என்று ஆர்தர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "முப்பது வருஷ மனுஷன், இப்படியா போவணும்."

அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த தெரசம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருந்தகத்தில் வேலை செய்யும் மகள் பவுலின், இருபத்திரண்டு வயது, தலை பின்னிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா?"

"முனியாண்டிம்மா. வெந்து போயிட்டாரு."

பவுலின் "ச்சூ" என்றாள். பின்பக்கம் போய்விட்டாள்.

கால் மணி நேரம் கழித்து, ஒட்டு வீட்டுக் கங்காணி மனைவி வேலம்மாவின் குரல் ஒப்பாரியாக எழுந்தது. வேலம்மா ஒப்பாரி வைத்தால் மூன்று லயத்துக்குக் கேட்கும். அப்புறம் தப்பு மேளச் சத்தம். அப்புறம் மலையில் கங்காணியின் விசில்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர் எங்கே போய்ச் செத்தாலும் அன்றைக்குக் கொழுந்து எடுக்க மாட்டார்கள். துரைகள் மூன்று பேர் மாறியும் இது மாறவில்லை. பெண்கள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

ஆர்தர் நடுச்சுவரைப் பார்த்தார். சுவர் ஒரு அங்குலப் பலகை என்பது இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம்தானே. ஏன் கத்தினோம் என்று தன்னையே நொந்துகொண்டார். ஓடிப்போய், செத்தது பொம்மை முனியாண்டி என்று சொல்லிவிட வேண்டும். வாசல் வரைக்கும் போய்விட்டார். அங்கே பழனியப்பன் எதிரே வந்து நின்றான்.

"விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்க கிராணியாரே. இன்னிக்குக் கொழுந்து இல்ல. காத்தாடி போட மாட்டோம்."

ஆர்தர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவும்."

"ஆத்மா சாந்தி அடையட்டும்" என்றார் ஆர்தர்.

இனி சொன்னால், ஏன் முன்னமே சொல்லவில்லை என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாலும் அதே கேள்விதான். திட்டு ஒன்றுதான் என்றால் குகையை முடித்துவிட்டே வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஆனால் அவரை நிம்மதியாக விடவில்லை. நல்லது கெட்டதுக்கு எழுதித் தருவது கிராணிதான். சவப்பெட்டி செய்கிறவன் முதல் மலர்வளையம் கட்டுகிறவன் வரை ஜன்னலுக்கு வந்தார்கள். அந்த விளையாட்டிலோ கை சும்மா இருந்தால் பூதங்கள் தாமாகவே நெருங்கி வரும். ஆர்தர் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வலது கையால் பூதத்தை அடித்துக்கொண்டே, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துத் துக்கம் பேசினார். மூன்று மணி நேரக் குகை இரண்டு மடங்காக இழுத்துக்கொண்டு போனது.

"வளையத்துல என்ன எழுதட்டும் கிராணியாரே?"

"கடைசி மூச்சுவரை முன்னால் நின்று போரிட்ட வீரர்னு எழுது."

"போரிட்டா? அவரு எங்க போரிட்டாரு?"

"எனக்குத் தெரியும். எழுது."

கோலா தெர்லாவுக்கு லோரி கிளம்பியது, தள்ளித்தான் கிளப்பினார்கள். கிராணி வீட்டிலிருந்து ஒருவராவது வர வேண்டும் என்றார்கள். ஆர்தர் இருமினார், காய்ச்சல் என்றார். தெரசம்மாள், "செத்தாரா இல்லையான்னு எனக்கே விளங்கல, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?" என்று அடுப்படியிலேயே நின்றுகொண்டார்.

"நான் போயிட்டு வரேம்ப்பா" என்றாள் பவுலின். "நம்ம வீட்டுச் சார்பா ஒருத்தர் வேணும்ல."

பொறுப்பான பிள்ளை என்று ஆர்தர் நினைத்துக்கொண்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினார்.

பன்னிரண்டு மணிக்கு ஏழாம் அடுக்கில் வில்லாளிப் பழனியப்பன் விழுந்தான். இந்த முறை ஆர்தர் வாயைப் பொத்திக்கொண்டார். பன்னிரண்டரைக்கு, மந்திரவாதி ஆர்தரும் திருட்டுத் துரையும் மட்டும் மிச்சமிருக்க, நாட்டைப் பிடித்திருந்த இருட்டு விலகியது. திரையில் சூரியன் எழுந்தது. அதன் கீழே எழுத்துகள் அவர் பெயரைச் சொல்லி நன்றி என்றன. இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படி எழுதிக் காட்டியதில்லை. கிராணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு லோரி திரும்பி வந்தது. முன்சீட்டில், மடியில் மலர்வளையத்தை வைத்துக்கொண்டு, முனியாண்டி உட்கார்ந்திருந்தார்.

நேராகக் கிராணி வீட்டு வாசலுக்கு வந்தார். பின்னால் பாதித் தோட்டம்.

"இதை எழுதச் சொன்னது நீங்கதானாமே?"

ஆர்தர் மறைக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார். முதல் பாகத்திலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். முனியாண்டி வளையத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதாலே செத்தேன்?"

"எறக்க மொளச்ச நாகம்ங்க."

"பெருசா?"

"இந்த வீட்டவிடப் பெருசு."

"நான் ஓடலையே?"

"நீங்க ஓடியிருந்தா நாங்க மூணு பேரும் செத்திருப்போம்."

முனியாண்டி மீசையைத் தடவினார். "அப்ப எழுதினது சரிதான்" என்றார்.

மன்னித்துவிட்டார் என்று ஆர்தர் மூச்சு விட்டார். கிழவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு விஷயம் கிராணியாரே. லோரி வந்து நின்னதும் எல்லாரும் என்னைப் பார்த்துப் பேய்னு பின்னால ஓடுனாங்க. உங்க பவுலின் ஒண்ணுதான் முன்னால ஓடி வந்து, 'மாமா, உசுரோட இருக்கீங்களா'ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. பெத்த பொண்ணு அப்படி அழாது. மாணிக்கத்துக்கு அதைக் கேக்கலாம்னு நெனைக்கிறேன்."

"நாங்க வேதக்காரங்க" என்றார் தெரசம்மாள் உடனே. "நீங்க சாமி கும்புடுறவங்க. எப்படிச் சரிவரும்?"

எல்லாரும் ஆர்தரைப் பார்த்தார்கள். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். பவுலினுக்கு ஈப்போவில் ஒரு கத்தோலிக்க வாத்தியார் மாப்பிள்ளையைப் பார்த்து, பாதிரியாரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் ஒரு மனிதரைக் காலையில் சாகடித்து, அவர் சாவில் மூன்று மணி நேரம் மின்சாரம் வாங்கித் தின்றுவிட்டு, மத்தியானம் அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று எப்படிச் சொல்வது.

"சரி" என்றார் ஆர்தர்.

தெரசம்மாள் அவரோடு பேச ஒன்பது நாள் ஆயிற்று.

டொனால்ட் அன்று சாயங்காலம் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போனான். அங்கேயே ஒரு மலாக்கா பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஈப்போ வாத்தியாருக்குத் தைப்பிங்கில் பெண் அமைந்தது. பழனியப்பன் காற்றாடியை விட்டு லெம்பா பெர்த்தாமுக்குத் தக்காளி போடப் போனான். பவுலினுக்கும் மாணிக்கத்துக்கும் அடுத்த ஜூன் மாதம் பதிவாளர் ஆபீசில் ஒரு தரம், மாதா கோயிலில் ஒரு தரம், முனியாண்டி வீட்டுப் பந்தலில் ஒரு தரம் என்று மூன்று தரம் கல்யாணம் நடந்தது. அவள் கோலா தெர்லாவுக்குக் குடிபோனாள்.

பந்தலில் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஆர்தர் வேலம்மாவைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது.

"எம்மேல தப்பு இருக்கு வேலம்மா, இல்லைங்கல. ஆனா பலகைல காத வெச்சு அரையுங்கொறையுமா கேட்டு நீ ஒப்பாரி வெச்சிருக்கலைன்னா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"நான் எங்க கேட்டேன் கிராணியாரே? நான் பைப்படியிலல்ல துணி தொவச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் வேலம்மா. "உங்க பவுலின்தான் மூச்சு வாங்க ஓடி வந்து, 'முனியாண்டி மாமா கோலா தெர்லாவுல தவறிட்டாராம், லோரி விடுவாங்கள்ல, மாணிக்கம் தனியா இருப்பாரு'ன்னு சொல்லுச்சு."