மேலுதட்டுத் தையல்

"இந்தத் தையலைப் போட்டது யாருப்பா?" என்று கேட்டபடி, பூதக்கண்ணாடியை வெள்ளச்சியின் மேலுதட்டருகே கொண்டுபோனார் தலைமை மருத்துவர் சுப்புராயன்.

கல்வராயன் மலையிலிருந்து மறுபரிசோதனைக்கு வந்தவள் அவள். தை மாதம் கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் பாறையில் விழுந்து, உதடு இரண்டாகக் கிழிந்து வந்தாள். இப்போது தழும்பைத் தேடவேண்டியிருந்தது. கேஸ் ஷீட்டில் மருந்து கொட்டி, தைத்தவர் பெயர் அழிந்துபோயிருந்தது. முகத்தில் துணி போர்த்தித் தைத்ததால் அவளுக்கும் ஆள் தெரியாது. வாரம் பத்து உதடு தைக்கும் வார்டில் வேறு யாருக்கும் நினைவில்லை.

பிளாஸ்டிக் சர்ஜரி பயிலும் காசிநாதனுக்கு வயிறு எரிந்தது. இத்தனை நேர்த்தி, கூடப் படிக்கும் இசைவாணியின் கையாகத்தான் இருக்கவேண்டும். கேட்கலாமென்றால் அவளோ ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். நுண் அறுவைப் பயிற்சிக்கு இந்த வருஷம் ஒருவரைத்தான் அனுப்பப்போகிறார்கள்.

"உதட்டு ஓரம் ஒரு நூல் அளவு எறங்கியிருக்கு சார்" என்றான்.

சுப்புராயன் அளந்து பார்த்தார். "எறங்கலையேப்பா."

"அப்ப தையலை இறுக்கிப் போட்டிருக்காங்க. சிரிச்சா இழுக்கும்."

"எங்கே, சிரிம்மா."

வெள்ளச்சி சிரித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரியும் சேர்ந்து சிரித்தாள். இழுக்கவில்லை.

"இன்னிக்கு இழுக்காது சார். வயசானா இழுக்கும்."

"இவ்வளவு உறுதியாச் சொல்றே. அப்ப இதைத் தச்சவங்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாமா?"

"இன்னும் கொஞ்சம் பழகட்டும் சார்."

சுப்புராயன் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். காசிநாதன் மனசுக்குள்ளேயே பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தான்.

திரும்பினால், வெள்ளச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"கோணலாவா கீது சாரு? ஊர்ல அல்லாரும் நல்லா கீதுன்னாங்களே."

அவனுக்குச் சுருக்கென்றது. யார்மேலோ எறிந்த கல் இவள்மேல் போய் விழுந்துவிட்டதே!

"இல்லம்மா. ரொம்ப நல்லாயிருக்கு. நானா இருந்தாக்கூட இவ்வளவு நல்லாத் தச்சிருக்க மாட்டேன்."

"இப்பத்தானே வேற சொன்னே?" என்று சுப்புராயன் நிமிர்ந்தார்.

"அது டாக்டர் கண்ணுக்கு சார். இது மனுஷக் கண்ணுக்கு."

அப்போது மாத்திரைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான் அவள் புருஷன் மூக்கன். காசிநாதனைக் கண்டதும் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

"ஏ வெள்ளச்சி, முந்தானைய எடு. அன்னிக்கி ஒனக்குத் தச்சி முடிச்சிட்டு, வெளிய அழுதுக்கினு இருந்த எனக்கு டீயும் வாங்கிக் குடுத்த மகராசன் இவுருதான்."