ரூல்ஸ் அண்ணனும் மாத்திரைக் காகிதமும்

நாமக்கல் வட்டாரத்தில் எழுதி வைத்ததற்கெல்லாம் கட்டுப்பட்ட ஒரே லாரிக்காரர் ரூல்ஸ் அண்ணன்தான். சாமிக்குப் பயப்பட மாட்டார், போலீசுக்குப் பயப்பட மாட்டார். பெயிண்டில் எழுதியிருந்தால் மட்டும் அடங்கிவிடுவார். ஒரு சுவரில் 'இங்கே நிற்காதே' என்று இருந்ததால், பஸ் வரும்வரை அந்தச் சுவரோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தவர் அவர். பஸ் வந்ததும் ஏறினார். உள்ளே 'கை நீட்டாதே' என்று எழுதியிருந்தது. எருமப்பட்டியில் இறங்க வேண்டியவர், கண்டக்டரிடம் கை காட்டாமலே ஊரைத் தாண்டிப் போய்விட்டார்.

அது எழுபதுகளின் கடைசி. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் எழுத்து எழுதும் பெயிண்டர். படிப்பு அஞ்சாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. பலகையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ரூல்ஸ் அண்ணனுக்கு இருந்தது ஒரே லாரி. ஓனரும் அவரே, டிரைவரும் அவரே.

ஒருநாள் சேலத்து டாக்டர் அவர் ரத்தத்தைச் சோதித்து, கொழுப்பு அதிகம் என்று சொல்லிவிட்டார்.

"இதச் சொல்றதுக்குச் சேலம் வரைக்கும் போவோணுமா? நாங்களே சொல்லியிருப்பமே" என்றார் எங்கள் முதலாளி.

பட்டறையே சிரித்தது. கூட வந்திருந்த அவர் மனைவி, எங்கள் அண்ணி, மட்டும் சிரிக்கவில்லை. ரூல்ஸ் அண்ணனின் கூடப்பிறந்த அண்ணன், சூரமங்கலத்தில் லோடு இறக்கப் போன இடத்தில் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தவர். நெஞ்சுவலி. அதே வண்டியைத்தான் இப்போது இவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெட்டிக்குள் நாலாக எட்டாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. மற்றவர்கள் என்றால் பிரிக்காமலே எறிந்திருப்பார்கள். இவர் மருந்துக்கடைக்காரரைப் பிடித்து, அந்த இங்கிலீஷ் முழுவதையும் வரி வரியாகத் தமிழில் சொல்ல வைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தார்.

"சாமி, இத கேபினுக்குள்ள எழுதிப்போடு."

கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயர் எழுதுவதுதான் வழக்கம். தெய்வத்தைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டு, மஞ்சள் எழுத்தில் சிவப்பு நிழல் கொடுத்து எழுதினேன். சாப்பாட்டுடன் உட்கொள்ளவும். கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். காரணம் தெரியாத தசை வலி இருந்தால் டாக்டரிடம் சொல்லவும்.

செக்போஸ்டில் எட்டிப் பார்த்த அதிகாரி கேட்டாராம்: "என்னய்யா, மருந்து லோடா?"

"இல்லீங்க, மரவள்ளிக் கிழங்குங்க."

"கர்ப்பிணி தின்னக் கூடாதுன்னு போட்டிருக்கே. கிழங்குல என்ன கோளாறு?"

அண்ணன் இறங்கி நின்று, காகிதத்தின் முதல் வரியில் இருந்து விளக்க ஆரம்பித்தார். பின்னால் நின்ற லாரிகளின் ஹாரன் தாங்க முடியாமல், அதிகாரியே கும்பிடு போட்டு அனுப்பி வைத்தார்.

குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்துக்குச் சித்திரை மாதத்தில் எங்கே போவது? தண்ணீர்ப் பானையடி குளிர்ச்சி, ஆனால் ஈரம். பரணில் ஈரமில்லை, ஆனால் அடுப்பு மாதிரி சூடு. கடைசியில் சேலத்து மாதா கோயில் ஒன்றுதான் இரண்டுக்கும் தோதாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, மாத்திரையை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "தெனமும் சோத்துத் தட்டோட இங்க வருவீங்களா?" என்று அங்கே மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை கேட்ட பிறகுதான் திரும்பி வந்தார்.

அடுத்து தசை வலி. லாரி ஓட்டுகிறவருக்கு எந்த நாளில் வலி இல்லை? ஒவ்வொன்றுக்கும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நேத்து என்ன வேலை பார்த்தீங்க?" என்பார் டாக்டர்.

"ஜாக்கி போட்டு டயர் மாத்துனனுங்க."

"அதனாலதான் தோள் வலிக்குது."

"காரணம் தெரிஞ்சுபோச்சுங்க, நான் வாரனுங்க."

இப்படியே அடிக்கடி போகவும் டாக்டர் சலித்துப்போய், சீட்டில் 'அடுத்த மாதம் வந்தால் போதும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதுதான் வினையாகிவிட்டது.

கொஞ்ச நாளில், அண்ணியின் தோளைப் பிடித்தபடி பட்டறைக்கு வந்தார்.

"கேபின் ஒசந்துபோச்சு. கீழ இன்னொரு படி வெச்சுக் குடுங்க."

முதலாளி டேப்பைப் போட்டு அளந்தார். கேபின் இருந்த உயரத்திலேயே இருந்தது.

"கேபின் ஒசரலீங்க" என்றார் அண்ணி. "அவியளுக்குத்தான் தொடையத் தூக்க முடியல. ஒரு வேலையும் செய்யாமயே ஒடம்பெல்லாம் வலி. சோறு பெசையக் கை வர்றதில்ல. டாக்டருகிட்டப் போலாம்னா மாட்டேங்கறாரு."

"அடுத்த மாசம்னு எழுதியிருக்காரில்ல?" என்றார் அண்ணன்.

"வலிச்சா சொல்லோணும்னு அந்தக் காயிதத்துலயுந்தான எழுதியிருக்குது?"

"அது பழைய ஆர்டரு. புது ஆர்டர் வந்தாப் பழசு செல்லாது. பர்மிட்டு மாதிரி."

முதலாளி சத்தம் போட்டுப் பார்த்தார். வெல்டிங்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். அண்ணன் ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, படி வைத்தால்தான் எழுந்திருப்பேன் என்றார். அண்ணி அந்த லாரியின் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் ஏதாவது சொல்ல நினைத்தேன். நாக்கு எழவில்லை. ஆனால் கையில் பிரஷ் இருந்தது. எதிரே வேறொருவரின் புது லாரி. 'ஒலி எழுப்பவும்' என்று எழுத வேண்டிய பின்பலகை வெறுமையாக இருந்தது. பெரிதாக எழுத ஆரம்பித்தேன்: 'உடம்பு வலி உள்ளவர் இன்றே டாக்டரைப் பார்க்கவும்.'

அண்ணன் எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். 'இன்றே' வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசி எழுத்துக்கு நான் புள்ளி வைப்பதற்குள் அண்ணியின் தோளைப் பிடித்து எழுந்துவிட்டார்.

"நட, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அந்தப் புது லாரியின் சொந்தக்காரர் மறுநாள் வந்து, "ஏனுங்க, நான் செங்கல் ஓட்டறனா, ஆஸ்பத்திரி நடத்தறனா?" என்று கேட்டது தனிக் கதை.

டாக்டர் சோதித்துப் பார்த்து, மாத்திரைதான் தசையைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி அன்றே நிறுத்தினார். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கும் என்றாராம். கொழுப்புக்கு வேறு வைத்தியம், சாப்பாட்டில் கட்டுப்பாடு. அண்ணன் மெல்ல மெல்லத் தேறி, பழையபடி கேபினில் ஏறினார்.

ஏறியவர் முதலில் வந்தது பட்டறைக்குத்தான். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, அன்னிக்கு அந்தப் பலகையில எழுதச் சொன்னது ஆரு? ஆர்டிஓ ஆபீசா?"

"ஆரும் சொல்லலீங்கண்ணா. நானாத்தான் எழுதுனனுங்க."

யாரோ எழுதியதற்குக் கட்டுப்பட்டுவிட்டோமே என்று கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவர் என் கையிலிருந்த பிரஷை வாங்கி டப்பாவுக்குள் வைத்தார்.

"நீ சொல்றதுன்னா எதுக்கு சாமி பெயிண்ட்டு? வாயில சொல்லியிருந்தாலே போயிருப்பனே."

அன்று முழுக்க என்னால் ஒரு எழுத்தையும் நேராக எழுத முடியவில்லை.