சுவர் இல்லாத அறையில் அக்கா

“உத்தேசக் கூடுதல் அறைக்குச் சுவர் எழுப்பப்படவில்லை. எனினும் குடியிருப்பு காணப்படுகிறது.”

கட்டட அனுமதிக்காக எங்கள் மனையைப் பார்வையிட வந்த அலுவலர் எழுதிய குறிப்பு இது. ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, ராகு காலம் தொடங்குவதற்குச் சற்று முன். நகல் என்னிடம் இருக்கிறது. அரசாங்கத்தையே இப்படி ஒரு வாசகம் எழுத வைத்தவர் சுண்ணாம்பு சார். இல்லாத சுவரில் மனிதர்களை இடித்துக்கொள்ள வைத்தவர் தருமபுரி மாவட்டத்தில் அவர் ஒருவர்தான்.

தொழில் வீட்டுக்குப் பிளான் போடுவது. மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். தோளில் ஒரு பை, பையில் டேப், இன்னொரு பையில் சுண்ணாம்புத் தூள். கையைப் பேன்ட்டிலேயே துடைப்பதால் இரண்டு பாக்கெட்டும் எப்போதும் வெள்ளை. அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எங்களுக்கு வேண்டியிருந்தது ஓர் அறை, அதோடு ஒரு பாத்ரூம். சித்தேரி மலையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அக்கா, மூட்டு வலியோடு பாப்பாரப்பட்டிக்கு எங்களிடம் வந்திருந்தார். கட்டில் ஹாலில். டிவி நிற்கும்வரை அவருக்குத் தூக்கமில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “தம்பி, ஐப்பசி மழைக்குள்ள பெர்மிட் வரலைன்னா நான் மலைக்கே போயிடறேன். அங்க வாடகை வூடு இன்னும் காலியாத்தான் கெடக்குது.” அக்கா ஒன்றைச் சொன்னால் செய்துவிடுவார். அங்கே அவருக்குத் தண்ணீர் பிடித்துத் தரவும் ஆள் கிடையாது.

சுண்ணாம்பு சார் வந்தது ஆடி மாதம். “ஆடியில கட்டத்தான் கூடாது. கோடு போடலாமுங்க” என்று சொல்லி, வீட்டின் பக்கவாட்டுக் காலி இடத்தில் அறையை அசல் அளவிலேயே சுண்ணாம்பில் போட்டார். கதவுக்கு இடைவெளி விட்டார். பாத்ரூமுக்குத் தனிக் கோடு. பிறகுதான் நிபந்தனையைச் சொன்னார்.

“மூணு நாளு இதுக்குள்ள பொழங்குங்க. அப்புறந்தான் நான் பேப்பர்ல பென்சில் வெப்பேன்.”

“எதுக்குங்க சார்?”

“கோடு போட்டாச் சின்னதாத் தெரியும், செவுரு எழும்புனாப் பெருசாயிடும்னு மேஸ்திரி சொல்லுவான். செவுரு எழும்புனா அழுதாலும் பெருசாவாது.”

கட்டில், நாற்காலி, டிரங்குப் பெட்டி எல்லாம் வெட்டவெளிக்குப் போயின. மேலே தார்ப்பாய். கதவு வழியாக மட்டுமே போக வேண்டும், வர வேண்டும். என் மனைவி கோட்டுக்கு மேலாக டீயை நீட்டினாள். “ஏம்மா, செவுத்த ஓட்டை போட்டா டீ குடுப்பீங்க?” என்றார் சார். அவள் சுற்றிப் போய்க் கொடுத்தாள். நான் குறுக்கே நடந்தபோது, “அடி பலமாங்க?” என்று விசாரித்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கள் வீட்டு நாய் இரண்டாம் நாளே கதவைக் கற்றுக்கொண்டது. எனக்கு இன்னும் ஒரு நாள் ஆனது.

பக்கத்து வீட்டு மாதம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்: “என்னா டீச்சரம்மா, தம்பி உங்கள வெளிய தள்ளிட்டாரா?”

“வெளிய எங்க இருக்கறேன்? உள்ள இருக்கறேன் பாரு” என்றார் அக்கா.

மூன்று நாள் முடிந்தது. அக்கா எழுந்து வர மறுத்துவிட்டார். பகலெல்லாம் அங்கேதான். சார் பிளானை முடித்து, விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்க வந்தார். வந்தவர் கையெழுத்து வாங்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படத்தை நான்காகக் கிழித்தார்.

“என்னாங்க சார்!”

“டீச்சர் எப்பவும் நாற்காலியக் கெழக்கால திருப்பித்தான் போடறாங்க. நான் அங்க மொட்டைச் செவுரு வெச்சிருக்கறேன்.”

கிழக்கே ஜன்னல் வைக்க வேண்டுமானால் மாதம்மாள் வேலியிலிருந்து இன்னும் இடம் விட வேண்டும் என்பது விதி. அதற்கு அறையே மேற்கே நகர வேண்டும். மேற்கே என் மனைவியின் துணி துவைக்கும் கல். கல்லை நகர்த்தச் சம்மதம் வாங்க ஒரு வாரம் போனது. “நான் வாக்கப்பட்டு வந்த நாளுல இருந்து அந்தக் கல்லு அங்கதான் கெடக்குது. அவரு கோடு போட்டா நான் எந்திரிச்சிப் போவணுமா?” என்று கேட்டவள், கடைசியில் அக்கா முகத்தைப் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்தாள். சார் கோட்டை மேற்கே தள்ளிப் போட்டு, புதுப் படத்தோடு விண்ணப்பம் கொடுப்பதற்குள் ஆடி போய் ஆவணி வந்துவிட்டது. சார்மேல் எனக்கு அப்போது இருந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அலுவலர் வந்த அன்று கையில் கோப்போடு நேராகக் கோட்டைத் தாண்டினார். வகுப்பை அடக்கிய அதே குரலில் அக்கா கேட்டார்: “யாரது? கதவத் தட்டிட்டு வர்ற பழக்கமில்லீங்களா?”

அலுவலர் அப்படியே நின்றார். சுண்ணாம்பு சார் மெதுவாகச் சொன்னார்: “அங்க நிக்காதீங்க சார், அது பாத்ரூமு.”

அவர் துள்ளி வெளியே வந்தார். சுற்றிப் போய், கதவு இருக்க வேண்டிய இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, “உள்ள வரலாங்களா டீச்சர்?” என்றார். அக்கா அனுமதி தந்தார். அலுவலகமோ தரவில்லை. அனுமதிக்கு முன்பே குடியேறியது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சார் ஒரே வரியில் பதில் எழுதினார்: “குடியேறவில்லை, ஒத்திகை.”

புரட்டாசி கடைசி வாரம். அக்காவின் டிரங்குப் பெட்டியில் பாதித் துணி அடுக்கியாகிவிட்டது. அன்று அனுமதி வந்தது. அக்கா துணியை வெளியே எடுத்து வைத்தார்.

இப்போது அங்கே நிஜச் சுவர் இருக்கிறது. கிழக்கு ஜன்னலில், வானம் தெளிந்த காலைகளில், தொலைவில் நீலமாய் ஒரு மேடு தெரியும். புதுமனை புகுவிழாவுக்கு வந்த சாரிடம் அக்கா அதைக் காட்டி, “அது சித்தேரி மலைதானுங்களே?” என்று கேட்டார். சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அதேதானுங்க டீச்சர்” என்றார். டேப்பை வெளியே எடுக்காமல் அவர் உறுதியாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

தெரிவது சித்தேரி மலைதானா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. தூரத்தை நினைத்தால் எனக்குச் சந்தேகம்தான். மாவட்ட வரைபடம் என் அலமாரியிலேயே இருக்கிறது. நான் அதைப் பிரிக்கவில்லை.