கால் கிலோ கொட்டைக்கு மூன்று மெஷின்

"மலிவான மெஷின். காப்பிக் கொட்டையை நன்றாக அறைக்கும்" என்று எழுதியிருந்தார் முகம் தெரியாத ஒருவர். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் வேறு கொடுத்திருந்தார்.

அவள் கைபேசியைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க இதை. அறைக்கும்னா எந்த அறைக்கு? சமையலறைக்கா, படுக்கையறைக்கா? இந்த ஆளை நம்பியா மெஷின் வாங்கறது?"

"மெஷின் ஒழுங்கா அரைச்சாப் போதும். ஆளு ஒழுங்கா எழுத வேண்டாம்" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாலு ஸ்குரூ இருக்கிற எதையும் அவனுக்குப் பிடிக்கும்.

அவளோ அச்சகத்தில் பதினோரு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். சலவைக்கடை ரசீதில்கூட ஒற்றுப்பிழை பார்ப்பவள். இதுவரை தொண்ணூறு விமர்சனங்களைப் படித்ததில் எழுபது பிழைகள் கிடைத்தன, மெஷின்தான் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேஜை அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். கால் கிலோ காப்பிக் கொட்டை. வறுத்தது, அரைக்காதது.

"உங்களுக்குன்னே வச்சிருந்தேன்மா. அரைச்ச சூட்டோட போட்டுக் குடிக்கணும். மிக்சியில மட்டும் போட்டுடாதீங்க, மணம் போயிடும். சின்னதா, கைக்கு அடக்கமான விலையில ஒரு மெஷின் வாங்கிக்குங்க. ஞாயித்துக்கிழமை நானும் வீட்டம்மாவும் வந்து ஒரு வாய் குடிச்சுப் பார்க்கிறோம். ஆபீஸ்ல யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. மத்தவங்க வருத்தப்படுவாங்க."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தலைமைப் பிழைதிருத்துநர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி மேல் ஆறு பேருக்குக் கண். அதில் ஒருத்தியை மட்டும் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, காப்பிக் கொட்டை கொடுத்தால் என்ன அர்த்தம்?

கடைசியில், பிழையே இல்லாத ஒரு விமர்சனத்தைக் கண்டுபிடித்தாள். "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல். அந்த மெஷினையே வாங்கினாள். இருந்ததிலேயே விலை குறைந்ததும் அதுதான்.

புதன்கிழமை காலை பொத்தானை அழுத்தியதும், பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போல ஒரு சத்தம். இரண்டாவது நிமிஷம் வாசலில் கீழ்வீட்டு நர்ஸ் நின்றாள். ராத்திரி டியூட்டி முடித்து அப்போதுதான் படுத்தவள்.

"அக்கா, வீட்டை இடிக்கிறீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆஸ்பத்திரியிலேயே ஒரு கட்டில்ல படுத்திருப்பேனே."

மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு மூடியைத் திறந்தாள். பாதி மாவாகவும் பாதி ஜல்லியாகவும் இருந்தது. காப்பி போட்டதில் மாவு கசந்தது, ஜல்லி மிதந்தது.

"நல்லாத்தான் இருக்கு. என்ன, குடிக்கிறதுக்குப் பதிலா கடிக்கணும்" என்றான் கணவன்.

"முதல்ல சத்தத்துக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழி பண்ணினான். மெஷினைத் தலையணை உறைக்குள் வைத்து, மேலே இரண்டு துண்டைச் சுற்றி ஓடவிட்டான். சத்தம் குறைந்தது, வாடை கிளம்பியது. காப்பி வாடை இல்லை, கருகிய துண்டின் வாடை. "ரெண்டே நிமிஷம்" என்று மெஷினைப் பிரித்தான். இரண்டு மணி நேரம் கழித்து மூடினான். வெளியே மூன்று ஸ்குரூ மிச்சம் இருந்தது. பொத்தானை அழுத்தினால் கப்சிப்.

"சத்தம் வேண்டாம்னே, நின்னுடுச்சு பாரு" என்றான்.

அடுத்து வந்தது கையால் சுற்றுகிற மெஷின். மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது, தூளும் கடல் மணல் மாதிரி ஒரே சீராக வந்தது. ஒரே ஒரு குறை: ஒரு தம்ளருக்கு இருபது நிமிஷம் சுற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகிக்கொள்ளலாம் என்று வியாழன் சாயங்காலம் முழுக்கச் சுற்றினாள். வெள்ளிக்கிழமை வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

சிவப்புப் பேனாவை இடது கையில் பிடித்து அன்றைய வேலையைப் பார்த்தாள். ஒரு கல்லூரியின் விண்ணப்பப் படிவம். 'கழைக் கல்லூரி' என்று தப்பாக இருந்ததை அடித்து, மேலே ல போட்டாள். இடது கை போட்ட ல, கொஞ்சம் கூடுதலாகச் சுழித்துக்கொண்டது. சாயங்காலம் 'களைக் கல்லூரி' என்று இரண்டாயிரம் படிவங்கள் மணக்க மணக்க அச்சாகி வந்தன.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் போய் நின்றாள். அவர் படிவத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தார்.

"கைமெஷினா?"

"ஆமா சார்."

"ம்... படிவத்தைத் திருப்பி அடிச்சுக்கலாம். ஞாயித்துக்கிழமை வரோம்" என்றார்.

இது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று வீடு வரைக்கும் யோசித்தாள்.

சனிக்கிழமை கணவனுக்கு மனைவியின் கையைப் பார்த்து மனசு இளகிவிட்டது. மனசு இளகினால் அவன் கருவிப்பெட்டியைத் திறப்பான். சுவரில் துளை போடும் டிரில்லைக் கைமெஷினின் தலையில் மாட்டினான்.

"இருபது நிமிஷ வேலையை இருபது செகண்டுல முடிச்சுத் தரேன். நீ தள்ளி நில்லு."

மூன்று செகண்ட் அருமையாக ஓடியது. நாலாவது செகண்டில் மெஷின் அவன் பிடியிலிருந்து கழன்று, பம்பரமாகச் சுற்றி, வயிற்றிலிருந்த கொட்டையை எல்லாம் நாலு திசைக்கும் வீசிவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்து வளைந்தது. கொட்டை ஃபிரிட்ஜ் அடியில், சர்க்கரை டப்பாவுக்குள், அவன் சட்டைப்பையில்.

வாசலில் நர்ஸ்.

"அன்னிக்கு இடிச்சீங்க, சரி. இன்னிக்கு அஸ்திவாரம் தோண்டுறீங்களா அக்கா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது. நாற்காலி, களைக் கல்லூரி, மணிக்கட்டு என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். நர்ஸ் போய் முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டாள். அப்புறம் மூன்று பேரும் தரையில் தவழ்ந்து கொட்டை பொறுக்கினார்கள்.

அன்று சாயங்காலமே அவள் கடைக்கு ஓடினாள். விமர்சனம் படிக்க நேரமில்லை. பார்வைக்கு வைத்திருந்த மெஷின் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. நன்றாக அரைத்தது, சத்தமும் அடக்கம்தான். மேல்மூடி மட்டும் தொலைந்துபோயிருந்தது. அரைத்து முடிக்கும்வரை யாராவது மேலே ஒரு தட்டை வைத்து அமுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். கணவன் அந்தப் பொறுப்பை ஏற்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேனேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். மேனேஜர் சோபாவில் உட்காரவே இல்லை. நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். மேடையில் மூன்று மெஷின்களும் வரிசையாக இருந்தன. ஒளித்துவைக்க மறந்துவிட்டாள்.

"மூணா!" என்றார் மேனேஜர். சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகம் வெளியே வந்தது.

"இது ஏன் ஓடலை? அது எத்தனை நிமிஷம் எடுக்குது? இதைக் கழுவறது சுலபமா? சத்தம்?"

"சத்தத்தை என்கிட்ட கேளுங்க சார்" என்று காப்பிக்கு வந்திருந்த நர்ஸ் முன்னே வந்தாள். மூச்சுவிடாமல் பத்து நிமிஷம் சொன்னாள். டிரில்லைக்கூட விடவில்லை. மேனேஜர் விடாமல் எழுதிக்கொண்டார்.

போச்சு, நாற்காலி கால் உடைந்து விழுந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு மெஷின் வாங்கத் தெரியாதவளுக்குத் தலைமைப் பதவி எதற்கு என்றுதானே எழுதுகிறார்?

கணவன் தட்டை அமுக்க, கொட்டை அரைபட்டது. வீடு முழுக்க மணந்தது. காப்பி, சத்தியமாகச் சொன்னால், அமிர்தமாக இருந்தது. மேனேஜர் இரண்டு தம்ளர் குடித்தார்; புத்தகத்தில் கடைசியாக எதையோ எழுதி இரண்டு கோடு போட்டார்; வாய் நிறையச் சிரித்துவிட்டுக் காரை எடுக்கக் கீழே இறங்கினார்.

அவர் மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. சார் என்னைப் பத்தி என்ன எழுதினாரு?"

"உங்களைப் பத்தியா?" அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அவளுடைய கட்டுப் போட்ட கையை மெல்லப் பிடித்தார். "எங்க வீட்டுக்கு எந்த மெஷின் வாங்கறதுன்னு தெரியாம, ஆபீஸ்ல ஆறு பேருக்கும் ஆளுக்குக் கால் கிலோ கொட்டையைக் குடுத்துட்டு வாராவாரம் ஒரு வீடா ஏறி இறங்கறாரும்மா, மத்த அஞ்சு பேரும் மிக்சியிலயே அரைச்சுட்டாங்க."