கிலோக்காரரும் கறுப்புக் காரின் பட்டைகளும்

புதிதாக ஊருக்கு வருகிறவரிடம், "குளிர் ஒத்துக்குதா?" என்று கேட்காமல், "நீங்க எத்தனை கிலோ?" என்று கேட்கிற மனிதர் சேர்வராயன் மலை முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். ஏற்காட்டில் ஏரிக்குப் போகும் சாலையில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவர். அவருடைய பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிலோக்காரர் என்றால் கைகாட்டுவார்கள்.

மாற்றலாகி வந்து அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் நான் குடியேறிய அன்று, பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. உங்க எடை எவ்ளோங்க?"

அதிர்ச்சியில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனிதர் முகத்தில் லாட்டரி விழுந்த சந்தோஷம். "அப்படியே இருங்க, கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

காரணம் அவர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. என் அப்பா வயதுள்ள ஒரு கறுப்புக் கார். கொட்டச்சேட்டில் ஏதோ எஸ்டேட் கொட்டகையில் கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்ததை வாங்கி வந்திருந்தார். இஞ்சின் ஓடியது. பிரேக் பிடித்தது. ஆனால் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பள்ளம் மேட்டைத் தாங்குவதற்காகச் சக்கரங்களுக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, அந்தக் கட்டு துருவேறி, வளைவு போய், சப்பையாகக் கிடந்தது.

சேலத்தில் லாரிப் பட்டை அடிக்கிற பட்டறைக்குக் கொண்டுபோனார். மலை வண்டி என்றதும் அவர்கள் லாரிக்கு அடிப்பதுபோலவே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாயைக் கண்ட பூனை மாதிரி கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. என்னைப் பின் சீட்டில் ஏற்றினார். முதல் வேகத்தடையிலேயே என் தலை கூரையில் இடித்தது.

"வலிச்சுதுங்களா?"

"உயிரே போயிடுச்சு!"

அடி தனக்கே விழுந்ததுபோல அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் பட்டைகளில் பாதியை உருவிவிட்டார். இப்போது கார் ஏரியில் விடுகிற படகு மாதிரி ஆடியது. பக்கத்துக் கடை டெய்லரை ஏற்றிக்கொண்டு கரடியூர் வரை போனார். டெய்லர் நடந்து திரும்பி வந்தார். "என்னைய உக்கார வெச்சுத் தாலாட்டிட்டாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்கடையோரம் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

இப்படிப் பட்டையைச் சேர்ப்பதும் எடுப்பதும், நடுவே கிரீஸ் தடவுவதும், ரப்பர் புஷ் மாற்றுவதுமாக மாதங்கள் ஓடின. அவர் கடையில் வெள்ளை ஸ்வெட்டர் வாங்கிய சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை இலவசம். கேட்டால், "டிசைனுங்க" என்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எடைதானே வேணும்? அரிசி மூட்டையை ஏத்துங்களேன். எதுக்கு என்னையே கூப்பிடுறீங்க?"

"மூட்டைகிட்ட வலிக்குதான்னு கேக்க முடியாதுங்களே டீச்சர்." கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரி எடையும் உங்க எடையும் ஒண்ணுங்க."

அவர் மனைவி சரசு அக்காவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அக்கா மலையை விட்டு இறங்கவில்லை. ஒருமுறை பஸ்ஸிலும் ஒருமுறை டாக்ஸியிலும் முயன்று, வலி தாங்காமல் பாதி வளைவிலேயே திரும்பிவிட்டார்கள். இப்போது சேலத்தில் மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். அக்கா, போகவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கிலோக்காரரைத் தூங்கவிடவில்லை.

வளைகாப்பு அன்று காலையில் நல்ல பனி. தலையணைகளுக்கு நடுவே அக்கா, தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் நான்; பட்டைகளை எங்கள் இருவர் எடைக்கும் சேர்த்து அவர் சரிபார்த்திருந்தார். முதல் கொண்டை ஊசி வளைவில் அக்கா என் கையைப் பிடித்தார். அடுத்ததில் நான் அவர் கையைப் பிடித்தேன். எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. கார் நடக்கிற வேகத்தில் இறங்கியது. ஒவ்வொரு பள்ளத்திலும், "வலிக்குதா சரசு?" என்று முன் சீட்டிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

பாதி வழியில் 'டக்' என்று ஒரு சத்தம். கார் இடப்பக்கம் லேசாகச் சரிந்தது. அந்தப் பக்கம்தான் பள்ளத்தாக்கு.

கிலோக்காரர் இறங்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். ஈரத் தார்ச்சாலையில் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தார். எழுந்தபோது வேட்டியெல்லாம் சேறு, முகத்தில் ரத்தமே இல்லை.

"கீழ்ப்பட்டை ஒண்ணு ஒடைஞ்சிருச்சுங்க. மேல்பட்டை தாங்கும்." மறுபடி குனிந்து பார்த்தார். "தாங்கோணும். வேண்டாம் சரசு, திரும்பிரலாம்."

"மேல போறதுக்கும் இதே வளைவுதானுங்களே" என்றார் அக்கா. "கீழயே போங்க."

அதற்குள் பின்னால் ஒரு பஸ் வந்து ஹார்ன் அடித்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "ஏனுங்க, ரோட்டுக்கு நடுவுல நிறுத்தி வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? நான் நேரத்துக்குப் போவோணுமில்ல!" என்று கத்தியவர், ஜன்னலுக்குள் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விஷயத்தைச் சொன்னோம்.

"அக்கா, பஸ்ஸுல வந்துருங்களேன். முன் சீட்டு ஒழிச்சுத் தர்றேன்."

"இல்லீங்க தம்பி. இவரு தனியா வந்தா பயந்துக்குவாரு."

டிரைவர் கிலோக்காரரைப் பார்த்தார். கிலோக்காரர் மறுக்கவில்லை.

"அப்ப மெதுவா போங்க. பின்னாடி நான் வர்றேன்."

மீதி மலையை அப்படித்தான் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அடியில் இரும்பு முனகியது. பஸ் எங்களுக்குப் பின்னால் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ வண்டிகள் ஹார்ன் அடித்தன. அந்த டிரைவர் ஒருவரையும் முந்தவிடவில்லை. "வலிக்குதா சரசு?" என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. "இல்லீங்க" என்ற பதிலும் வந்துகொண்டிருந்தது. பிறகு பதில் வரவில்லை.

"சரசு?"

அக்காவின் தலை என் தோளில் விழுந்திருந்தது. நான் முன் சீட்டைத் தட்டினேன். அடிவாரத்தில் காரை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார் கிலோக்காரர். குனிந்து பார்த்தார்.

அக்கா வாயை லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்களைக் கடந்துபோன பஸ்ஸிலிருந்து டிரைவர் தலையை நீட்டி, "என்னாச்சுங்க?" என்றார். கிலோக்காரர் உதட்டில் விரலை வைத்தார். பஸ் ஹார்ன் அடிக்காமல் போனது.

"எழுப்பலாமா? நேரமாகுதே" என்றேன்.

"கொஞ்சம் தூங்கட்டுங்க டீச்சர். ஆபரேஷனுக்கு அப்புறம் இவ வலி தெரியாம தூங்கி நான் பாத்ததே இல்லீங்க."

கீழே வெயில் சுள்ளென்று இருந்தது. தோளில் கிடந்த துண்டை உதறி, அக்காவின் முகத்தில் வெயில் படாமல் ஜன்னலுக்கு வெளியே விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அக்காவின் தலையை மெதுவாகத் தலையணைக்கு மாற்றிவிட்டு, நானும் இறங்கிப்போய்த் துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.