எச்சத் தகைவு ஒழிப்பு விழா

எங்கள் தொழிற்சாலையில் எஃகுப் பல்சக்கர வளையங்கள் செய்கிறார்கள். நான் செய்வதில்லை. செய்தால் என்ன ஆகும் என்று கணினியில் பார்த்துச் சொல்பவன் நான். அதனால் செய்பவர்களுக்கு உலை, எனக்கு ஏசி அறை.

வளையத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெய்த் தொட்டியில் முக்கினால்தான் அது உறுதிப்படும். ஆனால் வெளிப்பக்கம் முந்திக்கொண்டு ஆறும், உள்பக்கம் சாவகாசமாக ஆறும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, வட்டமாக உள்ளே போனது முட்டை வடிவில் வெளியே வரும். அந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியும். உள்ளே தங்கிவிட்ட இழுப்பு தெரியாது. தெரியாததால் அதற்கு 'எச்சத் தகைவு' என்று மரியாதையான பெயர் கொடுத்திருக்கிறோம்.

மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு என் சிமுலேஷனிலும் வளையம் கோணலாகவே வந்தது. மயிரிழை பிசகாமல் நிஜத்தோடு பொருந்திய கோணல்! இயக்குநரிடம் ஓடினேன்.

"கோணலாத்தானே இருக்கு?" என்றார்.

"ஆமா சார், அப்படியே பொருந்துது!"

"கோணல் வளையம்தான் கீழே குவிஞ்சு கிடக்கே. அதைப் பார்க்க இவ்வளவு பெரிய கம்ப்யூட்டரா?"

திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்து, ஒரு வழியும் கண்டுபிடித்தேன். வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து முக்காமல், இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிறுத்தி முக்கினால் எண்ணெய் எல்லாப் பக்கமும் சீராக ஓடும். கோணலும் குறையும், இழுப்பும் குறையும். வேண்டியது ஒரு புது ஸ்டாண்டு.

உலை மேற்பார்வையாளரை நாங்கள் 'தணல்' என்று கூப்பிடுவோம். அவர் தலையைச் சொறிந்தார். "ஸ்டாண்டு வாங்கணும்னா கொள்முதல் குழு கூடணும் சார். குழு கூடணும்னா தலைவர் வரணும். தலைவர் ரிட்டையர் ஆயிட்டார். அடுத்த தலைவரைக் குழுதான் கூடித் தேர்ந்தெடுக்கணும்."

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வருவதாகத் தகவல் வந்தது. இயக்குநர் என் படங்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏன் இவ்வளவு சிவப்பு?"

"இழுப்பு அளவு மீறிப்போன இடமெல்லாம் சிவப்பாக் காட்டும் சார்."

"எங்கிருந்து சிவப்புன்னு யார் முடிவு பண்றது?"

"நான்தான் சார்."

"அப்போ தப்பு வளையத்து மேல இல்ல, உங்க மேல."

சிவப்பு தொடங்கும் எல்லையைச் சற்றே உயர்த்தினேன். வளையம் முழுக்கப் பசேலென்று ஆயிற்று. அன்று மாலையே 'எச்சத் தகைவு முற்றாக ஒழிக்கப்பட்டது' என்று சுற்றறிக்கை பறந்தது. ஒழிந்துபோனதற்கு ஸ்டாண்டு எதற்கு என்று அந்தக் கோப்பும் மூடப்பட்டது.

தணல் வந்தார். "சார், வளையம் இன்னும் கோணலாத்தான் வருது."

"சுற்றறிக்கையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். உலைக்கிட்ட ஒட்டியும் வச்சேன். அப்பவும் கோணல்தான்."

"தொட்டிக்கிட்டயும் ஒண்ணு ஒட்டிப் பாருங்க," என்றேன்.

ஒட்டினார்.

எச்சத் தகைவை ஒழித்ததற்கு எனக்கு விருது தரும் விழாவுக்கு என் சட்டையை மனைவி தேய்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவே ஒழிஞ்சிடுச்சா?" என்றாள்.

"படத்துல ஒழிஞ்சிடுச்சு."

"மேடையில வைக்கப்போறது படமா, வளையமா?"

"வளையம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். பிறகு அந்தச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

மேடையில், வெல்வெட் விரித்த மேசைமேல் வளையம் பளபளத்தது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இனி இந்த வளையத்துக்குள் இறுக்கம் என்பது எள்ளளவும் இல்லை!" அரங்கம் அதிரக் கைதட்டல்.

'டமார்!'

வளையம் தானாகவே பிளந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

எல்லாக் கண்களும் என்மேல். இயக்குநர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லிடுக்கில் கேட்டார்: "என்னய்யா இது?"

கடைசியாக நடந்தது எதுவோ அதைச் சொன்னேன். "கை... கைதட்டினாங்க சார்."

அவர் முகம் மலர்ந்தது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் நிபுணராக நானே நியமிக்கப்பட்டேன். ஒரு வளையம் பிளக்க எத்தனை பேர் கைதட்ட வேண்டும் என்று சிமுலேஷன் ஓட்டினேன். உலக மக்கள்தொகை போதவில்லை. வளையம் பிளக்கும் எல்லையைச் சற்றே இறக்கினேன். அரங்கில் இருந்தவர்களே போதும் என்று வந்தது.

வளாகத்துக்குள் கைதட்டத் தடை விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர்களுக்கும் எச்சரிக்கை போனது. எனக்குத் தனிப் பிரிவு, தனி அறை, இன்னும் குளிரான ஏசி.

பிறகொரு நாள் தொலைபேசி ஒலித்தது. எங்களிடம் வளையம் வாங்கிய ஆலையின் பொறியாளர். "சார், உங்க வளையம் ஓட்டத்துல பிளந்துடுச்சு. ஆலையே நின்னு கிடக்கு. நல்லவேளை, பக்கத்துல ஆள் இல்ல."

போதும், சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தேன். "சார், ஒரு உண்மையைச் சொல்லணும். அந்த வளையம்..."

"நீங்க சொல்லவே வேண்டாம் சார்," என்று குரலைத் தாழ்த்தினார் அவர். "உங்க எச்சரிக்கை வந்துச்சு. நாங்கதான் அலட்சியமா இருந்துட்டோம். தொடக்க விழாவுல எங்க ஆளுங்க கைதட்டிட்டாங்க. இதை வெளியில சொல்லிடாதீங்க. இன்னொரு வளையம் அனுப்புங்க, போதும்."

புது வளையத்துக்கான ஆர்டரைக் குறித்துக்கொண்டேன்.

"இந்தத் தடவையாவது ஜாக்கிரதையா இருங்க," என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.